உறைக்குள்ளே வாயு, உறைக்கு வெளியே ஐஸ்

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் ஒரு குழுவைச் சேர்ந்த அம்மா என்னிடம் கேட்டார்: "சார், பட்டணத்துக் கடையில மீனைத் தட்டுல வச்சு, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, உள்ளே ஏதோ காஸ் அடைச்சு விக்கிறாங்களாம். அந்த மிஷினை வாங்கிட்டா ஐஸ் செலவு மிச்சம்தானே?" மிஷினுக்குக் கடன் மனுவும் எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடுமுன் கேட்டது நல்லதாயிற்று. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு, கரியமில வாயு மிகச் சொற்பம். உறைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, இதே மூன்று வாயுக்களை வேறு விகிதத்தில் நிரப்புகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். இது புதுசும் அல்ல. ஜெர்மனியில் கோல்பே என்ற ரசாயன அறிஞர், கரியமில வாயுவில் வைத்த மாட்டிறைச்சி நாள்பட நிற்பதை 1882-லேயே கண்டார். 1930-களில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூஜிலாந்திலிருந்தும் இங்கிலாந்துக்கு இந்த வாயு சேர்த்த குளிர் அறைகளில் கப்பல் கப்பலாக இறைச்சி போயிருக்கிறது.

மூன்று வாயுவுக்கும் மூன்று வேலை. கரியமில வாயு, கெட்டுப்போக வைக்கும் கிருமிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. பிராணவாயு, ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் அந்தச் செக்கச்செவேல் நிறத்தைக் கொடுக்கிறது. அதனால்தான் சிவப்பு இறைச்சி உறையில் பிராணவாயுவை 70, 80 பங்கு வரை வைக்கிறார்கள். நைட்ரஜன் ஒன்றும் செய்யாது. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அதுவும் வேண்டும். கரியமில வாயு சதையிலுள்ள நீரில் கரைந்துபோவதால், நைட்ரஜன் இல்லாவிட்டால் உறை உள்வாங்கி மீனை நசுக்கிவிடும்.

கொழுப்புக் குறைந்த மீனுக்குக் கரியமில வாயு 40, பிராணவாயு 30, நைட்ரஜன் 30 என்பது வழக்கமான கலவை. சாளை, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீனுக்குப் பிராணவாயு ஆகாது, காறிப்போகும். அதற்குக் கரியமில வாயு 60, நைட்ரஜன் 40.

இப்போது ஐஸ் விஷயத்துக்கு வருவோம். கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும். சோடா பாட்டிலை வெயிலில் வைத்துத் திறந்து பாருங்கள், புஸ்ஸென்று எல்லாம் வெளியே வந்துவிடும். மீன் சதையிலும் அதே கதைதான். குளிர் குறைந்தால் வாயுவின் பலமும் குறைந்துவிடும். ஆகவே ஐசுக்குப் பதில் வாயு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐசோடு சேர்ந்தால் வாயு சில நாள் கூடுதலாக வாங்கித் தரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சாதாரணமாக மீன் கெட்டால் மூக்கு சொல்லிவிடும். அந்த நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளைத்தான் கரியமில வாயு அடக்குகிறது. ஆனால் பிராணவாயு இல்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் என்ற கிருமி ஒன்று உண்டு. அதில் ஒரு வகை 3 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலேயே மெதுவாக வளரக்கூடியது. நாற்றம் வருமுன்பே நரம்பைத் தாக்கும் விஷத்தைச் சேர்த்துவிடும். எச்சரிக்கை மணியை அவிழ்த்துவிட்டுத் திருடனை உள்ளே விட்ட மாதிரி! காற்றை மட்டும் உறிஞ்சி எடுத்து ஒட்டும் வாக்குவம் உறைக்கும் இது பொருந்தும். கடைக்காரர் ராத்திரி குளிர்பெட்டியை நிறுத்தும் பழக்கமுள்ளவரா என்பதை மிஷின் விலை விசாரிக்குமுன் விசாரியுங்கள்.

நாலாவதாக ஒரு வாயுவும் உண்டு: கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் கரியடுப்பு வைத்தால் ஆளைக் கொல்கிறதே, அதேதான். உறையில் வைக்கும் சொற்ப அளவால் சாப்பிடுபவருக்கு விஷமாகாது. அமெரிக்காவில் இறைச்சி உறையில் 0.4 பங்கு வரை அனுமதித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. காரணம் நிறம். இந்த வாயு பட்ட சூரை மீன் கெட்ட பிறகும் தர்பூசணித் துண்டு மாதிரி சிவப்பாகவே இருக்கும். சூரையை வெயிலில் போட்டுவைத்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, வாந்தி வரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. நிறத்தை வைத்துச் சூரை வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மிஷின் வாங்கியே தீருவோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெல்டிங் பட்டறை சிலிண்டர் வேண்டாம், உணவுக்கென்று விற்கும் வாயுவையே கேளுங்கள். பிராணவாயு அதிகமுள்ள கலவையைச் சாதாரண எண்ணெய் பம்பு மிஷினில் ஓட்டினால் தீப்பிடித்து வெடிக்கும். இதை விற்பனை ஆள் சொல்லாமல் விட்டாலும் விடுவார்.

அந்த அம்மாவின் குழு இப்போது கடன் மனுவை மாற்றி எழுதியிருக்கிறது: மூடியுள்ள ஐஸ்பெட்டி நாலு, வெப்பமானி இரண்டு. பிடித்தவுடன் குடலெடுத்துக் கழுவி, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று அடுக்கி அனுப்புகிறார்கள். ஐஸ் உருகிய நீர் வடிய பெட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும், அதை மட்டும் மறந்திருந்தார்கள், போன வாரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.