அப்பா பணம் எதுவரை வரும்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! செங்கல்பட்டுப் பெருமக்களே, தாய்மார்களே!

மனிதன் உயரக் காரணம் பரம்பரைச் சொத்தா, சொந்த முயற்சியா? இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை ஆரம்பிச்ச எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் பணக்கார வீட்டுப் பிள்ளைதானே! அப்பா காசு இருந்தா நான்கூட பேங்க் ஆரம்பிப்பேன்" என்றார்கள். ஐயா, அப்பா காசு இருக்கிற பிள்ளைங்க ஊர்ல எத்தனையோ பேர். பேங்க் ஆரம்பிக்க வேண்டாம், பேங்க்ல இருக்கிறதைக் காலி பண்ணாம இருந்தா போதும்னு பெத்தவங்க சாமி கும்பிடுறாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

1908-ல் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வசதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனா அவர் ஒருத்தருக்குத்தானா வசதி? பர்மாவில் லேவாதேவி நடத்திய செட்டியார் குடும்பங்கள் எத்தனை! 1930-களில் நெல் விலை விழுந்தது. விவசாயியால் கடன் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் இவர்கள் கையில்! அதுவல்லவா சொத்து? என்ன ஆச்சு? 1942-ல் ஜப்பான் படை வந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. பத்திரம் இரும்புப் பெட்டியில் இருந்தது; நிலம் இல்லை!

சிதம்பரம் செட்டியார் என்ன செய்தார்? லேவாதேவியில் புரளுவது சொந்தப் பணம், உறவுக்காரர் பணம். வங்கியில் புரளுவது ஊரார் பணம். முகம் தெரியாதவர் நம்பிக் கொண்டுவந்து கொடுக்கணும். அந்த நம்பிக்கையை எந்த அப்பா உயிலில் எழுதி வைக்க முடியும்? (கைதட்டல்)

வெளிநாட்டுச் செலாவணித் தொழில் பெரும்பாலும் வெள்ளைக்கார வங்கிகள் கையில் இருந்த காலம். 1937 பிப்ரவரி 10-ந் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் வங்கிக் கதவைத் திறந்தார். அப்போ அவருக்கு வயசு 28! நம்ம வீட்டில் 28 வயசுப் பையன் தன் ரூம் கதவைத் திறக்கவே காலை பத்து மணி ஆகுது! (சிரிப்பு) பிறகு பினாங்கு, சிங்கப்பூர் கிளைகள். கேரளத்துப் பெரும்பாவூரில் ரேயான் ஆலை.

1954 மார்ச் 13. சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையம். தரையிறங்க வந்த விமானம் நொறுங்கித் தீப்பிடித்தது. 33 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் சிதம்பரம் செட்டியார். வயது 45. ஆரம்பித்தவர் போய்விட்டார், வங்கி நின்றுவிடவில்லை.

1969-ல் நாட்டுடைமையான 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. "பார்த்தீங்களா, அதுவும் குடும்பத்தை விட்டுப் போச்சே!" என்று எதிரணி கேட்கும். போனது உரிமை, அம்மா. அவர் உண்டாக்கிய வேலை போகவில்லை.

இங்கிருந்து மாமல்லபுரம் பக்கம் போய், கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு ஒன்று அங்கே நிற்கிறது. அழகான வீடு! டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். ஆனா பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு நகையை எடுத்துக்கிட்டு ஒரு தாய் அந்த வீட்டுக்கா போறாங்க? பேங்குக்குப் போறாங்க! பரம்பரைச் சொத்து காட்சிக்கு நிற்கிறது. முயற்சி இன்றைக்கும் கவுன்டரில் உட்கார்ந்து கடன் கொடுக்கிறது! (பலத்த கைதட்டல்)

அப்பா பணம் வாசல்வரை வரும். வாசல் தாண்டி ஊருக்கு வருவது முயற்சிதான். நல்ல தீர்ப்பாகச் சொல்லுங்க, நடுவர் அவர்களே.