பழுதுக்குத் தயாராகும் கார்



பழைய கார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சி. துடைத்து மினுக்கிய குரோமியம், பக்கத்தில் பெருமையோடு நிற்கும் சொந்தக்காரர், செல்போனில் படமெடுக்கும் கூட்டம். இன்று நான் பேச வந்தது அந்தக் கார்களைப் பற்றி அல்ல. ஐம்பது அறுபது வயதான காரை, சில சமயம் அதைவிடவும் பழைய காரை எடுத்துக்கொண்டு, பாலைவனமும் மலைக்கணவாயும் தாண்டிப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நெடுந்தூர ராலிக்கு ஒரு காரைத் தயார் செய்வது ஒரு கலை. அதிலும் பழைய வயரிங்கை முழுக்க உருவிவிட்டுப் புதிதாக ஒயர் இழுப்பது அந்தக் கலையின் நுணுக்கமான பகுதி. அதை எதைக் கொண்டு எடைபோடலாம் என்று இன்று பார்ப்போம்.

இந்தப் பழக்கத்துக்கு ஆதி ஊற்று 1907-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 10 அன்று பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) நகரிலிருந்து ஐந்து வண்டிகள் பாரிஸை நோக்கிக் கிளம்பின. பாரிஸிலிருந்து வந்த 'ல மத்தேன்' என்ற நாளிதழ் விடுத்த சவால் அது. இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேஸேயின் 'இத்தாலா' கார் ஆகஸ்ட் 10 அன்று முதல் ஆளாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. அவரோடு மெக்கானிக் எத்தோரே குயித்சார்தியும், பத்திரிகையாளர் லூயிஜி பார்சீனியும் போனார்கள். அந்தக் காரின் மட்கார்டுகளைக் கழற்றிப் பள்ளத்தின் மேல் பலகையாகப் போட்டு ஏறிப் போகலாம். அப்படி யோசித்தே செய்திருந்தார்கள். ரஷ்யாவில் மரச்சக்கரம் ஒன்று உடைந்தபோது, ஊர்த் தச்சர் ஒருவர் கோடரியை வைத்தே செதுக்கி அந்தச் சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்தார். பந்தயம் தொடர்ந்தது.

இந்த இரண்டு செய்திகளிலும் கலையின் இலக்கணமே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். இத்தாலாவும் உடைந்தது. ஆனால் உடைந்தது என்ன என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடிந்தது. அந்த ஊரில் கிடைத்த கையும் கருவியும் அதைச் சரிசெய்யப் போதுமாக இருந்தன. நெடுந்தூரத்தில் பழுதாகாத கார் கிடையாது. பழுது எங்கே என்று சீக்கிரம் காட்டிக்கொடுக்கிற கார் உண்டு. அப்படி ஒரு காரை உருவாக்குவதுதான் இவர்களின் வேலை.

1968-இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு மாரத்தான் ராலி நடந்தது. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் கடந்து, டெல்லி வழியாக பம்பாய். அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா. 98 கார்கள் கிளம்பி 56 தான் சிட்னியைப் பார்த்தன. வென்றவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன். ஓட்டியது ஹில்மன் ஹன்டர், சாதாரணக் குடும்பக் கார். அதே ராலியில் ரோஜர் கிளார்க் என்ற புகழ்பெற்ற ஓட்டுநரின் ஃபோர்டு கார்ட்டினாவுக்கு ஆஸ்திரேலியாவில் பின் ஆக்சில் போய்விட்டது. வழியில் நின்ற இன்னொரு கார்ட்டினாக்காரரிடம் பேசி, அவர் காரிலிருந்ததைக் கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டு போனார்கள். ஊரெல்லாம் ஓடுகிற கார் என்பதால்தான் அது முடிந்தது. 1977-இல் அதே லண்டன்–சிட்னி ராலி மறுபடி நடந்தபோது நம் சென்னை வரைக்கும் வந்தது. அன்றைய மெட்ராஸ் துறைமுகத்திலிருந்துதான் கார்கள் பினாங்குக்குக் கப்பலேறின. அந்த முறையும் கோவனுக்கே வெற்றி. கார் மட்டும் மெர்சிடிஸ்.

பழைய கார்களுக்கென்றே 1997-இல் பீக்கிங்–பாரிஸ் பாதையில் ராலி நடந்தது. திபெத், நேபாளம், இந்தியா, பாகிஸ்தான், ஈரான் என்று போன அந்தப் பயணத்தில் முதலிடம் பெற்றது 1942-ஆம் ஆண்டு வில்லிஸ் ஜீப். விலை உயர்ந்த கார்கள் பல பின்னால் வர, போர்க்களத்தில் சிப்பாய் கழற்றி மாட்டுவதற்கென்று செய்த வண்டி முன்னால் போயிற்று.

இனி வயரிங்குக்கு வருவோம். வேறு எதையும் விட்டுவிட்டு வயரிங்கை ஏன் எடுக்கிறேன்? நட்டு கழன்றால் சத்தம் கேட்கும். ஆயில் ஒழுகினால் தரையில் தெரியும். ஸ்பிரிங் உடைந்தால் வண்டி சாய்ந்து நிற்கும். ஒயருக்குள் நடப்பது ஒன்றும் வெளியே தெரியாது. லூஸ் கான்டாக்ட் மேட்டில் வரும், சமதரையில் போய்விடும். பழுதைக் காட்டிக்கொடுக்கிற குணத்தை ஒயருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1962-இல் வந்த எம்.ஜி.பி., திறந்த கூரை கொண்ட ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். ராலிக்காரர்களுக்கு இன்றும் பிடித்த வண்டி. ஆரம்ப கால எம்.ஜி.பி.யில் சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். கார் முழுவதற்கும் வேலை செய்கிற ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் கிடையாது, இக்னிஷனுக்கும் கிடையாது. அந்த ஒயர்களில் ஒன்று எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், அறுந்து காப்பாற்ற ஒன்றுமில்லை. ஒயரே பற்றி எரியும்.

அடுத்தது ஆம்பியர் கணக்கு. அந்தக் காரில் இருந்த லூகாஸ் கம்பெனி டைனமோ நன்றாகச் சுழன்றால் 22 ஆம்பியர் கொடுக்கும். ஐடிலில் அதுகூடக் கிடைக்காது. ராலிக்காரர் என்னென்ன மாட்டுகிறார்? 60 வாட் ஹெட்லைட் இரண்டு, 10 ஆம்பியர். கூடுதல் விளக்கு இரண்டு, 9 ஆம்பியருக்கு மேல். ரேடியேட்டருக்கு மின்விசிறி, இன்னொரு 8 ஆம்பியர். இதற்கே 27 ஆகிவிட்டது. வைப்பர், பெட்ரோல் பம்ப், இக்னிஷன், வரைபடம் பார்க்கிற சின்ன விளக்கு எல்லாம் இனிமேல்தான். மழை பெய்கிற இரவில், நெரிசலில் நின்று நின்று போகும்போது பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். அதனால்தான் முதல் வேலையாக டைனமோவை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுழலும்போதும் கூடுதல் ஆம்பியர் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் போடுகிறார்கள். அறுபதுகளின் பாதி வரை பெரும்பாலான ஆங்கிலேயக் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது வண்டித் தகட்டோடு இணைந்தது. ஆல்டர்னேட்டர் வைக்கும்போதே அதையும் நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிடுவார்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் தெரிந்தவர்களையும் ஏமாற்றுகிற ஓர் இடம் உண்டு. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருக்கும். அது அறுந்துபோகிற அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய பட்டை ஃபியூஸில் போட்டிருப்பது தொடர்ந்து தாங்குகிற அளவு. எண்ணை மட்டும் பார்த்து 35-க்கு 35 மாட்டினால், ஃபியூஸ் அறுவதற்கு முன்னால் ஒயர் கருகிவிடும். நல்ல கைக்காரர் இந்த இடத்தில் எண்ணைப் பார்க்க மாட்டார். ஒயரின் தடிமனைப் பார்த்து ஃபியூஸைத் தேர்ந்தெடுப்பார்.

லூகாஸ் கம்பெனியை நிறுவிய ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வது கார்ப் பிரியர்களிடையே பழைய வழக்கம். கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் முழு நியாயம் இல்லை. அந்தப் பழைய வயரிங்கில் ஒரு பெரிய ஒழுங்கு இருக்கிறது. பழுப்பு ஒயர் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டபின் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பிறகு வருவது. ஊதா, சாவி இல்லாமல் ஃபியூஸ் வழியாக வருவது. கறுப்பு, எர்த். நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட். அம்பாசடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பார்த்துப் பழகிய நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு இந்த வண்ணக் கணக்கு மனப்பாடம். லூகாஸோடு கூட்டு சேர்ந்து 1961-இல் தொடங்கிய நிறுவனத்தின் தொழிற்சாலை சென்னைப் பாடியிலேயே இருக்கிறதே! ஆகவே கைதேர்ந்தவர் புதிய ஒயர் இழுக்கும்போதும் இந்த வண்ணங்களை மாற்றுவதில்லை. கஜகஸ்தானில் ஒரு பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்தாலும், அச்சிட்ட வரைபடமும் ஒயரும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பழைய ஒயர்க் கட்டு வெளியே வந்ததும் அதை ஒரு மரப்பலகையில் விரித்து, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடிக்கிறார்கள். புதிய ஒயர்களை அந்த ஆணிகளின் வழியே ஒவ்வொன்றாகப் படுக்க வைக்கிறார்கள். ஒவ்வோர் ஒயரின் இரு முனையிலும் ஒரே எண் போட்ட சின்ன ஸ்லீவ். முனைகளுக்கு லக் என்கிற உலோகக் காதை மாட்டுவதில்தான் கைத்திறன் தெரியும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் உறுதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதிர்வு நிறைந்த வண்டியில் அது நேர்மாறு. உருகிய ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஏறி, அந்த நீளத்துக்கு அதை விறைப்பாக்கிவிடும். ஈயம் எங்கே முடிகிறதோ அங்கே, கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல், அதிர்வு ஒடித்துவிடும். அதனால் ராலி வயரிங்கில் லக்கை இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். முழு அழுத்தம் கிடைக்கும்வரை திறக்காத பல்சக்கர இடுக்கி அது. நசுக்கிய பிறகு ஒயரைக் கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார்கள். வருவதானால் பட்டறையிலேயே வந்துவிடட்டும்.

பிறகு எர்த். பழைய காரின் வயரிங் பழுதுகளில் பாதி, துருப்பிடித்த எர்த் தான் என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற தகட்டில் லக்கை இறுக்கி, மேலே கிரீஸ் தடவி மூடுவது முறை. அதோடு விடுவதில்லை. ஹெட்லைட்டை எரியவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை விளக்கின் எர்த் ஒயரிலும் வைக்கிறார்கள். 0.1, 0.2 காட்டினால் சரி. 1 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ வோல்ட்டேஜ் திருட்டுப் போகிறது. பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பதும் இதற்காகவே. டேஷ்போர்டு சுவிட்சின் வழியாகச் சுற்றிப் போகாமல், பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் மின்சாரம் நேராக விளக்குக்குப் போகும்.

இதெல்லாம் பழுதைத் தள்ளிப்போடுகிற வேலை. பழுதை எதிர்பார்க்கிற வேலை இன்னொன்று உண்டு. எம்.ஜி.பி.யின் எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால், இறங்கிப் போய் பம்பின் மேல் ஒரு தட்டுத் தட்டுவது பரம்பரை வைத்தியம். ராலிக் காரில் இரண்டு பம்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தனித்தனி ஃபியூஸ், தனித்தனி ஒயர், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். ஒன்று நின்றால் மற்றது ஓடும், வண்டி நிற்காது. இக்னிஷன் காயிலும் அப்படியே, இன்னொன்றைப் பக்கத்திலேயே முடுக்கி வைத்திருப்பார்கள். ஒயரை மாற்றிச் செருகினால் போதும்.

பழைய இக்னிஷனின் கான்டாக்ட் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாமா என்பது இவர்களிடையே ஓயாத வழக்கு. எலக்ட்ரானிக் நன்றாக ஓடும், தேயாது. போனால் ஒரேயடியாகப் போகும், திறந்து பார்த்துச் செய்ய ஒன்றுமில்லை. பாயிண்ட் அடிக்கடி கேட்கும், ஆனால் ஒரு சின்ன அரமும் ஃபீலர் கேஜும் இருந்தால் சாலையோரத்திலேயே சரியாகும். எனக்குச் சரியென்று படுவது நடுவழி: எலக்ட்ரானிக்கில் ஓட்டுங்கள், பாயிண்ட் செட் செய்து முடித்த முழு டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றைத் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள்.

இந்தக் கலைக்கும் மிகை என்ற நோய் உண்டு. எது போகுமோ என்ற பயத்தில் ஆக்சில், ஸ்பிரிங், ஸ்டார்ட்டர் என்று அரை வண்டியைத் திரும்ப வண்டிக்குள்ளேயே ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாரமே ஸ்பிரிங்கை உடைக்கும். பின்னாலேயே சர்வீஸ் வேன் வரட்டும் என்று பணத்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய கார் ஊர் போய்ச் சேரலாம். சாமர்த்தியம் வேனில் வந்த ஆளுடையது.

ஆகவே, ராலிக்குத் தயாரான பழைய கார் ஒன்றைப் பார்க்க உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால், பெயின்ட்டைப் பாராட்டுவதோடு நிற்காதீர்கள். பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஒயரும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று உங்களால் விரல் வைத்துத் தொடர முடிகிறதா? ஃபியூஸ் ஒவ்வொன்றிலும் எதற்கு என்று எழுதியிருக்கிறதா? பேட்டரியை ஒரே திருப்பில் துண்டிக்கிற மாஸ்டர் சுவிட்ச், சீட்டில் பெல்ட் போட்டபடியே கைக்கு எட்டுகிறதா? கடைசியாகச் சொந்தக்காரரிடமே கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்லைட் அணைஞ்சா முதல்ல எங்க பாப்பீங்க?" யோசிக்காமல் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால், அந்தக் கார் தயார், அவரும் தயார். "அதெல்லாம் அணையாதுங்க" என்று சொன்னால், அவர் இன்னும் கொஞ்ச நாள் பட்டறையில் இருப்பது நல்லது.