யாரும் தொடாத சுவிட்ச்

அல்வா தயார் என்று செயலாளர் சைகை காட்டிவிட்டார். எனவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் தகவலும் உண்டு, கட்டளையும் உண்டு. வெளியிலிருந்து தகவல் வந்து விழும் இடத்தையே கட்டளையாக இயக்கவும் அனுமதித்தால் வந்தது வினை. 1988 நவம்பரில் மோரிஸ் புழு பரவிய வழிகளில் ஒன்று இதுதான். ஃபிங்கர் என்ற சேவை 512 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 536 எழுத்தை அனுப்பி, தன் கட்டளையை அது ஓட்ட வைத்தது. அதனால் பிறந்த விதி: எழுதுகிற இடத்தில் இயக்காதே. ஓபன்பிஎஸ்டி இதை 2003இல் கொண்டுவந்தது. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோதும், முக்கியமான விண்டோஸ் நிரல்களுக்கு மட்டுமே இதைத் தானாகப் போட்டார்கள். ஏன் எல்லாவற்றுக்கும் போடவில்லை? ஜாவா, பிரவுசர் போன்றவை ஓடும்போதே கட்டளையை எழுதி, அங்கேயே இயக்குகிறவை. தடுத்தால் படுத்துவிடும்.

இது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. நம்ம பக்கத்து நிறுவனம் ஒன்றில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எஸ்இலினக்ஸில் 'டினை எக்செக்மெம்' என்று ஒரு சுவிட்ச், அணைத்தே வரும். பெரிய பாதுகாப்பு நிபுணன் என்ற நினைப்பில், எல்லா மெஷினிலும் அதைப் போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பில் போடும் ஜாவா மென்பொருள் திறக்கவில்லை. கூட்டம் தெருவரைக்கும் நின்றதாம். கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி யாரையோ கேட்டு, எஸ்இலினக்ஸையே மொத்தமாக அணைத்துவிட்டார். பில் ஓடியது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் நான் அதைக் கவனித்தேன். மறுப்புப் பதிவு ஒரு வரிகூட இல்லை. இடையில் எவனாவது புகுந்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணாச்சிக்குப் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வயல் உண்டு. "தம்பி, மடைய அடைச்சு வச்சா கரைய வெட்டத்தான செய்வாங்க" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

பெரியவர்களும் இப்படிப் பட்டிருக்கிறார்கள். 2004 மே மாதம் வந்த ஃபெடோரா கோர் 2இல் எல்லா நிரலையும் கட்டுப்படுத்தும் கடுமையான கொள்கையை வைத்தார்கள். அத்தனை தொந்தரவு, கடைசியில் அணைத்தே வெளியிட்டார்கள். நவம்பரில் கோர் 3 வந்தபோது, நெட்வொர்க்கைப் பார்த்து நிற்கும் சில சேவைகளை மட்டும் கட்டினார்கள். அது முதல் நாளிலிருந்தே போட்டபடி வந்தது, நிலைத்தும்விட்டது.

நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஹீப் பகுதியில் இயக்குவதற்கு எல்லோருக்கும் தடை. ஒழுங்கான நிரலுக்கு அது தேவையே இல்லை. வெளியாரிடம் தகவல் வாங்கும் சேவைகளுக்கு, எழுதிய இடத்தில் இயக்கவும் தடை. ஜாவாவுக்குத் தனி விதி எழுதி அனுமதி. அதற்கு முன்னால் ஒரு வாரம் எதையும் தடுக்காமல், பதிவு மட்டும் எடுக்கும்படி ஓடவிடுவேன். தம்பி தங்கைகளே, அந்த ஒரு வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

பில் கவுண்டரில் இருப்பவர் அந்தச் சுவிட்சை ஒருநாளும் தேடிப் போகமாட்டார். நாம் வைத்ததுதான் அவருக்கு. அண்ணாச்சி மட்டும் இப்போது எதையும் தொடுமுன் போன் போடுகிறார். "தம்பி, டினைடுன்னு வருதே, அணைச்சிரட்டா?" போன வாரமும் கேட்டார்.