குருதி அழுத்தமும் இதயத்தின் முதல் மாற்றங்களும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். குடும்பத் தலைவர் ஐம்பது வயதில் படுத்துவிட்டால் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பே. ஆகவேதான் பேசுகிறோம்.

குருதி அழுத்தம் 140/90க்கு மேல் நிலைத்து நின்றால், இதயத்தின் இடது கீழறை ஓயாது கூடுதல் பளுவை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. மூட்டை சுமப்பவரின் தோள் தடிப்பதுபோல் அவ்வறையின் சுவரும் தடிக்கிறது. தோள் தடித்தால் வலிமை. இதயச் சுவர் தடித்தாலோ விறைப்பு. விறைத்த அறை எளிதில் விரிந்து குருதியை ஏற்க இயலாமல் திணறும். இத்தனைக்கும் வலி இராது. மலைக்கோட்டைப் படிகளில் மூச்சு வாங்கினால் வயதின்மேல் பழி போட்டுவிடுகிறோம். முக்கொம்பு மேலணையின் மதகுகள் 2018 ஆகஸ்டில் உடைந்தன. அதற்கு முன்பு அங்கே உல்லாசமாகச் சென்று வந்தோருக்கு உள்ளிருந்த தளர்ச்சி தெரிந்ததா?

இம்மாற்றத்தை எளிதில் காட்டவல்லது இ.சி.ஜி. என்னும் மின்வரைவு. 1949இல் சோகோலோவ், லயன் என்னும் இருவர், அவ்வரைவில் குறிப்பிட்ட ஓர் அலையின் ஆழத்தையும் மற்றோர் அலையின் உயரத்தையும் கூட்டி, 35 மில்லிமீட்டரை எட்டினால் சுவர் தடித்திருக்கலாம் என்று வகுத்தனர். அவ்வளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது. ஆயினும், இ.சி.ஜி. நன்றாக இருப்பதால் இதயம் மாறவில்லை என்று பொருளன்று. தடித்த சுவர்கள் பலவற்றை அது தவறவிட்டுவிடும். 1953இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்சும் தொடங்கிய எக்கோ முறையோ, ஒலியலை கொண்டு சுவரின் பருமனையே அளந்து காட்டும். சுவர் தடிக்குமுன்னரே அறை தளர்வதில் ஏற்படும் தாமதமும் சிலருக்கு அதில் புலப்படும்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரும் நன்மைதான்; ஆனால் எக்கோக் கருவி வீடு தேடி வராது. திருவரங்கத்துத் தெருவில் விடியுமுன் துடைப்பம் பிடிக்கும் நம் சகோதரி, ஒருநாள் கூலியை விட்டுக் காவிரியைக் கடந்து பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கவேண்டும். "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் சொல்வதில் வியப்பில்லை.

தடித்த சுவர் மீண்டும் மெலியக்கூடும். அதற்கு மாத்திரையை மாதக்கணக்கில் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்து, நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பை நிறுத்த வேண்டும். நம் தெருக்களில் அழுத்தம் உள்ளவர்களைக் கணக்கெடுத்து, பத்துப் பேராகச் சேர்த்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரின் துணையோடு பரிசோதனைக்கு அனுப்புவதை இச்சங்கம் இவ்வாண்டே தொடங்கலாம்.