உறைமேல் உள்ள தேதி

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டை அறியாதவர் இவ் வட்டாரத்தில் இரார். இரவில் லாரிகள் வந்து நிற்கின்றன. பொழுது நன்கு புலர்வதற்குள் மூட்டைகள் கைமாறிவிடுகின்றன. காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்திலும், கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள சிற்றூர்களிலும் பல கடைகளுக்குக் காய்கறியும் மளிகையும் அங்கிருந்தே வந்து சேருகின்றன.

சந்தைக்கு வரும் உணவுப் பொருள்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கீரை, கத்தரிக்காய், வாழைப்பழம், மீன் முதலியவை ஒரு வகை. அவற்றின் வயதைக் கண்ணும் கையும் ஓரளவு கண்டுகொள்ளும். வாடிய கீரையை எந்தத் தாயும் விலை கேட்பதில்லை. உறையிலும் டப்பாவிலும் அடைத்து வரும் பிஸ்கட், பால் பவுடர், எண்ணெய், மசாலாப் பொடி, குளிர்பானம் முதலியவை மற்றொரு வகை. இவை எத்தனை மாதம் ஆனாலும் வெளித் தோற்றத்தில் மாறுவதில்லை. இவற்றின் வயதை நமக்குச் சொல்வது உறைமேல் அச்சிட்ட தேதி ஒன்றுதான். அத் தேதியை நாம் படித்து வாங்குகிறோமா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

தேதி பார்க்கும் வழக்கம் விவசாயிகளாகிய நமக்குப் புதிதன்று. விதைப் பையை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்க்கிறோம். சான்று பெற்ற விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதமே முதற் காலக்கெடு. காலாவதியான பூச்சிமருந்தைக் கடைக்காரர் தனியே பிரித்து, விற்பனைக்கு அன்று என முத்திரையிட்டு, வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பதும் விதி. கெட்ட விதையால் ஒரு போகமே பாழாகும் என்று நாம் அறிவோம்; ஆதலால் அங்கே ஏமாறுவதில்லை. ஆனால் அதே நாளில் குழந்தைக்கு வாங்கி வரும் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்? பயிருக்குக் காட்டும் கவனத்தைப் பிள்ளைக்கும் காட்ட வேண்டாமா?

தேதிகளின் பொருளை முதலில் தெளிவாக அறிந்துகொள்வோம். 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகளின்படி, தயாரித்த அல்லது அடைத்த நாளும், எந்த நாளுக்குள் உபயோகிக்க வேண்டும் என்னும் காலாவதி நாளும் உறைமேல் இருத்தல் வேண்டும். காலாவதி நாளுக்குப் பின் அப் பொருளை விற்கலாகாது, உண்பதும் தகாது. சில உறைகளில் "இந் நாளுக்கு முன் உண்பது சிறப்பு" என்ற கருத்தில் இன்னொரு தேதியும் காணப்படலாம். அது சுவையையும் தரத்தையும் பற்றியது. அந் நாள் கடந்ததும் பொருள் நஞ்சாகிவிடுவதில்லை. அப்பளத்தின் மொறுமொறுப்புக் குறையலாம், பிஸ்கட் நமுத்துப் போகலாம். இரண்டு தேதிகளையும் ஒன்றென எண்ணி நல்ல உணவை வீணாக்குவதும் தவறு. கெட்ட உணவை உண்பதும் தவறு.

"மோந்து பார்த்தால் தெரியாதா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். உணவைப் புளிக்கவும் நாறவும் செய்யும் கிருமிகள் வேறு. நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் பலவும் வேறு. பின்னவை வாசனையையோ நிறத்தையோ மாற்றாமலே பெருகக்கூடும். லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் வளரும். கருவுற்ற பெண்களுக்கு அது பெருந் தீங்கு செய்யும். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி உணவில் விட்டுச் செல்லும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. ஆகவே, "நன்றாகச் சுட வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை" என்ற நம்பிக்கை எப்போதும் காப்பாற்றாது. மூடி உப்பிய டப்பாவைத் திறந்து சுவை பார்ப்பதும் கூடாது.

நம் முன்னோர் அச்சிட்ட தேதி இல்லாமலே வாழ்ந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் அவர்களிடமும் கணக்கு இருந்தது. சோற்றில் நீரூற்றி இரவு புளிக்கவிட்டு மறுநாள் காலையில் உண்டார்கள். அதற்கடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் குறையாமல் பார்த்தார்கள். ஈரக் கரண்டி அதில் படக்கூடாது என்று கண்டித்தார்கள். அவர்கள் உணவைத் தங்கள் கையாலேயே செய்தார்கள். செய்த நாள் அவர்களுக்குத் தெரியும். எங்கோ ஓர் ஆலையில், யாரோ செய்த உணவை உண்ணும் நமக்கு அந்த அறிவைத் தருவது தேதி மட்டுமே.

அத் தேதியும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உறை பிரியாமல், லேபிளில் சொன்னபடி பாதுகாத்தால்தான் அது செல்லும். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய பாலையும் தயிரையும் பங்குனி வெயிலில் கடை வாசலில் அடுக்கினால், தேதி மீதமிருந்தும் பொருள் கெட்டுவிடும். 5 டிகிரி முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பமே கிருமிகள் பெருக ஏற்றது. நம் ஊரின் பகற்பொழுது முழுவதும் அவ்வெல்லைக்குள்தான் இருக்கிறது.

தேதியே இல்லாத பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். கடலையும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நாம் இதை மறக்கலாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் விட்டுச் சென்ற நஞ்சே காரணம் என ஆராய்ச்சியில் தெரிந்தது. அந் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பகுதிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்கு ஈரல் நோய் கண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சமையல் சூடு இந் நஞ்சை அழிப்பதில்லை. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. அப் பாலைக் குடிப்பது நம் குழந்தையே. எனவே கடலையை நன்கு உலர்த்தியே மூட்டை கட்டுங்கள்; மூட்டையைத் தரையில் கிடத்தாமல் பலகைமேல் அடுக்குங்கள்; பூத்த கடலையைப் பொறுக்கி நீக்குங்கள். நாம் சந்தைக்கு அனுப்புவது பிறர் வீட்டு உணவு என்பதை நினைவில் கொள்வோம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டுக் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் 27ஆம் பிரிவு, காலாவதிக்குப் பின் சரக்கை வழங்கிய மொத்த வியாபாரியும் பொறுப்பாளி, அதை விற்ற சில்லறை வியாபாரியும் பொறுப்பாளி என்கிறது. "மண்டியில் தந்தார்கள், நான் விற்றேன்" என்று சிறு கடைக்காரர் தப்பிக்க இயலாது. வாங்கியவர் உரிய கட்டணம் செலுத்தித் தாமே பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும் 40ஆம் பிரிவு இடமளிக்கிறது. உதிரியாக விற்கும் இனிப்புகளின் தட்டிலும் தேதி காட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 2020 அக்டோபர் முதல் நாள் தொடங்கியது.

ஆனால் ஊர்தோறும் அதிகாரி ஒருவர் காவல் நிற்க இயலாது. காலக்கெடு நெருங்கிய சரக்கு எங்கும் மலிவாகத்தான் கிடைக்கும். அது விலை போகுமிடம் பெரும்பாலும் தேதி கேட்கும் வழக்கமில்லாத சிறு கடை. அதை உண்பவர் ஏழையின் பிள்ளை. மலிவென்று வாங்கிய பொட்டலத்துக்காக ஒரு நாள் கூலியும் வைத்தியச் செலவும் போகுமானால், அதைவிட விலையுயர்ந்த உணவு வேறில்லை. இங்கேதான் பஞ்சாயத்தின் கடமை தொடங்குகிறது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. முதலாவதாக, ஊரிலுள்ள பெட்டிக்கடை, மளிகைக்கடைக்காரர்களை அழைத்து அன்போடு பேசுங்கள். பழைய சரக்கை முன்வரிசையிலும் புதியதைப் பின்வரிசையிலும் அடுக்கவும், விற்பனைக்குத் தக்க அளவே வாங்கவும், மாதம் ஒரு முறை தேதி பார்த்துக் கழிக்கவும் சொல்லுங்கள். சரக்கெடுக்கும்போதே பில் பெற்றுத் தேதி பார்த்தால், கெட்ட சரக்கு ஊர் எல்லைக்குள்ளேயே வராது. இரண்டாவதாக, கழித்த பொருளைப் பூட்டிவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இலவசமாகக் கொடுப்பதோ, மாட்டுக்குப் போடுவதோ தகாது. மூன்றாவதாக, மகளிர் குழுக்களும் பள்ளிப் பிள்ளைகளும் தேதி படிக்கப் பழகட்டும். வீட்டில் படித்தவர் பிள்ளை ஒருவரே ஆனாலும் போதும். அப் பிள்ளை குடும்பத்தைக் காக்கும். நான்காவதாக, தேதியை அழித்தோ, மேலே ஒட்டியோ விற்பது கண்டால் உறையையும் பில்லையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். குடியரசு தினம் முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் செய்யுங்கள்.

உணவை உண்டாக்கும் நாம் அதைக் காக்கவும் அறிந்தவர்களாக இருத்தல் வேண்டும். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது எடைக்கல்லைப் பார்க்கும் கண் உறையின் மறுபுறத்தையும் பார்க்கட்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை; கிடைக்கும் பயனோ நம் பிள்ளைகளின் ஆரோக்கியம்.