மருந்துச் சீட்டும் மாதக் கணக்கும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, பராமரிப்புக் கட்டணக் கணக்கு பற்றியோ என்று நினைத்தேன். "இல்லை சார், மருந்துச் செலவைப் பற்றிப் பேசுங்கள். மெடிக்கல் ஷாப்பில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கணக்குப் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்" என்றார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். அதனால் வைத்தியம் சொல்லப் போவதில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

கணக்கு என் வீட்டிலிருந்தே தொடங்குகிறது. என் மனைவியின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு அவருக்கு மூக்கும் கன்னமும் சிவந்து எரிய ஆரம்பித்தன. அடுப்பு முன்னால் நின்றால் எரிச்சல், வெயிலில் சந்தைக்குப் போய் வந்தால் எரிச்சல். சின்னச் சின்னப் பருக்கள் வேறு. "அறுபது வயதில் முகப்பருவா?" என்று நான் சிரித்தேன். சீட்டு எதுவும் இல்லாமல் ஒரு கடையில் கிரீம் வாங்கினோம். விலை குறைவு. இரண்டே நாளில் முகம் தெளிந்தது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவந்தது. மறுபடியும் போட்டோம். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இவருக்கு இருப்பது ரோசேசியா. அந்தக் கிரீமில் இருந்தது ஸ்டீராய்டு. போட்டதும் அடங்குவதுபோலக் காட்டி, உள்ளுக்குள் அதையே வளர்த்துவிடும். மேலே பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்திருக்கிறது. ஆனாலும் கேட்டால் கொடுக்கிறார்கள், நாமும் கேட்கிறோம்.

ரோசேசியா ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. சுத்தக் குறைவால் வருவதும் இல்லை. முற்றிலும் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். வெயில், சூடான டீ, காரம், மது எல்லாம் அதைக் கிளப்பிவிடும். நம் நிறத்துக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியாது. அதனால் பரு என்றோ, வெயில் பட்டது என்றோ விட்டுவிடுகிறோம். மெட்ரோனிடசோல் ஜெல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் கிரீம், டாக்சிசைக்ளின் மாத்திரை என்று ஆளுக்குத் தகுந்தபடி டாக்டர் எழுதுவார். மாதக்கணக்கில் விடாமல் போட்டால்தான் பலன்.

இங்கேதான் பணம் குறுக்கே வருகிறது. நான் எல்லா பில்லையும் தேதி வாரியாகக் கோத்து வைப்பவன். ஒரு நாள் புரட்டிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஒரு மாதத்துக்கு வர வேண்டிய டியூப் மூன்று மாதம் வந்திருக்கிறது. மனைவியிடம் கேட்டேன்.

"ஏங்க, உங்க பிரஷர் மாத்திரை, என் சுகர் மாத்திரை எல்லாம் உயிருக்கு. இது மூஞ்சிக்குத்தானே? கொஞ்சமா தடவிக்கிறேன்" என்றார்.

முகம் எரிகிறது என்று உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வர மறுத்தவர் இதைச் சொல்கிறார். வீட்டில் மருந்துச் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படுவது தோல் மருந்துதான். அதிலும் அம்மாக்களின் மருந்து. அன்றைக்குத்தான் நான் பில்லும் கையுமாகக் கிளம்பினேன்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கும் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். ரோசேசியாவுக்கு யாரும் அட்மிட் ஆவதில்லை. அமெரிக்காவில் மருந்து கம்பெனிகளே ரோசேசியா கிரீம்களுக்குச் சலுகை அட்டை தருவார்கள். அங்கே விலையில் பெரும்பங்கை இன்சூரன்ஸ் கட்டும், நோயாளி கட்ட வேண்டிய பங்கில் அந்த அட்டைக்குக் கழிவு கிடைக்கும். நமக்கு முழு விலையும் நம் கைக்காசு. ஆகவே விலையையே குறைக்கும் வழியைத்தான் நாம் தேட வேண்டும். எனக்குத் தெரிந்தவை இவை.

முதலாவது, டாக்டர் அறையிலேயே பேசுவது. கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தால், அதே மருந்து வேறு கம்பெனியில் பாதி விலைக்கு இருந்தாலும் கடைக்காரர் தானாக மாற்றித் தரச் சட்டம் இடம் தருவதில்லை. "டாக்டர், இது மாதாமாதம் எனக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். நான் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மூலப் பெயரில் எழுதித் தந்து, எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். நாமாக மருந்தையோ சதவீத அளவையோ மாற்றக் கூடாது.

இரண்டாவது, கிராம் கணக்கு. 15 கிராம் டியூப் 150 ரூபாய் என்றால் கிராம் 10 ரூபாய். அதே மருந்து 30 கிராம் 240 ரூபாய் என்றால் கிராம் 8 ரூபாய். டியூப் விலையைப் பார்க்காதீர்கள், கிராம் விலையைப் பாருங்கள். டாக்சிசைக்ளின் போன்ற அத்தியாவசியப் பட்டியல் மருந்துகளுக்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாதவற்றுக்கு உச்சவிலை கிடையாது, வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டும்தான். அதனால் ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

மூன்றாவது, கடை. 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகம், அதாவது ஜன் ஔஷதி. 2025 பிப்ரவரி 24 அன்று 1000 கடைகளோடு தொடங்கிய தமிழக அரசின் முதல்வர் மருந்தகம். இரண்டிலும் மூலப் பெயரில் கேளுங்கள். எல்லாக் கிரீமும் எல்லாக் கடையிலும் இருக்காது. 'ஜன் ஔஷதி சுகம்' என்ற செயலியில் மருந்தின் பெயரைப் போட்டு விலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

நான்காவது, அரசு மருத்துவமனை. நமக்குப் பக்கத்திலேயே போலுப்பள்ளியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோல் பிரிவில் பார்ப்பதும் இலவசம், அங்கு தரும் மருந்தும் இலவசம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குவதால்தான் இது முடிகிறது.

ஐந்தாவது, இ.எஸ்.ஐ. ஓசூர், சூளகிரி தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களே, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அது இதற்கும்தான். வெளிநோயாளிக்கும் மருந்து உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். இது தெரியாமல் விட்டவர்கள் நிறைய.

என்னைப் போன்ற மூத்தவர்களுக்கு ஒரு வரி. மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாத, 60 வயது தாண்டியவர்கள் பழைய வரி முறையில் 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டி, பில்லை எடுத்து வையுங்கள்.

இனி சொல்லத் தயக்கமாக இருக்கும் ஒரு விஷயம். நம் பிளாக்கில் படிக்கட்டு பெருக்கும் அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். என்னவென்று கேட்டபோது ஒரு டியூபைக் காட்டினார். பழைய ஸ்டீராய்டு கிரீம். கொடுத்தது நாங்கள்தான். அதன் சங்கதி எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால், பாவம் முகம் எரிகிறது என்கிறாரே என்று மிச்சமிருந்ததை என் மனைவி கொடுத்திருந்தார். அது தீர்ந்த பிறகு அதே பெயரைச் சொல்லி அவரே கடையில் வாங்கிப் போட்டு வந்திருக்கிறார். உதவி என்று நினைத்துச் செய்தது இப்படி ஆனது. நானும் மனைவியும் அவரைப் போலுப்பள்ளிக்குக் கூட்டிப் போனோம். இப்போது பரவாயில்லை. மருந்துக்குப் பைசா செலவில்லை. ஆனால் போய்வந்த ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி போனது.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். மிச்ச மருந்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். நம் காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் இ.எஸ்.ஐ. கட்டப்படுகிறதா என்று ஒப்பந்தக்காரரிடம் மாதாமாதம் ரசீது கேட்டு வாங்குவோம். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குக் கூலி பிடிக்காமல் இருப்போம். வீட்டுக்கு வீடு பங்கிட்டால் அது ஒரு டீக்காசுகூட வராது.

நம் சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தினமும் எடுக்க வேண்டிய மருந்து தடையில்லாமல் கையில் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. தோல் மருந்துக்கும் அதே நியாயம்தான்.

ஞாயிறு காலை 10 முதல் 11 வரை சங்க அறையில் இருப்பேன். மருந்துச் சீட்டைக் கொண்டு வாருங்கள். வைத்தியம் சொல்ல மாட்டேன், விலையை ஒப்பிட்டுத் தருவேன். என் மனைவியும் உடன் இருப்பார். இப்போது அவர் டியூப் சரியாக ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. பில் தேதியைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.