கஃபே மரோனும் தோட்டக்காரர் கைகளும்

அழியும் நிலையில் இருக்கும் ஒரு செடியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வேலி, காவல், சட்டம் என்றுதான் பேச்சு போகும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது தோட்டக்காரர்களின் கைவேலையை. அதை ஒரு கலை என்றே மதிக்கிறேன். அந்தக் கலையால் எதுவரை முடியும், எங்கே அது திணறுகிறது என்பதற்கு கஃபே மரோன் என்ற புதரைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மொரிசியசுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தொலைவில் ரோட்ரிக்ஸ் என்றொரு சிறு தீவு. பரப்பளவு 108 சதுர கிலோமீட்டர்தான். அங்கே மட்டும் வளர்ந்த புதர் இது. காப்பிச் செடிக்கும், நாம் இட்லிப்பூ என்று வாசலில் வளர்க்கும் வெட்சிக்கும் ஒரே குடும்பம். ஐந்து இதழ் விரிந்த வெள்ளைப் பூ. காடு அழிந்தது, ஆடுகள் மேய்ந்தன; செடி அற்றுப்போய்விட்டது என்றே தாவரவியலாளர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 1980 வாக்கில் அந்தத் தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர் உள்ளூர்ச் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். மாணவன் ஒருவன் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தான். அது கஃபே மரோன்! உலகத்தில் அந்த இனத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே செடி.

உடனே வேலி போட்டார்கள். ஆனால் தீவு மக்களுக்கு அது மருந்துச் செடி. குடித்த மறுநாள் தலைவலிக்கும், பால்வினை நோய்க்கும் அதைப் பயன்படுத்திவந்தவர்கள். செடி இன்ன இடத்தில் இருக்கிறது என்று வேலியே ஊருக்குச் சொல்லிவிட்டது. கிளைகளை வெட்டிக்கொண்டு போனார்கள். வேலிக்கு மேல் வேலி போட வேண்டியதாயிற்று. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தலைமுறை தலைமுறையாக நம்பிய மருந்தைத் தேடி வருகிறவர்களைக் கம்பியால் மட்டும் தடுத்துவிட முடியாது.

1986இல் வெட்டிய போத்துகளை விமானத்தில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேர் பிடிக்கவைத்தார்கள். நம் ஊரில் மல்லிகை வைப்பவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. பதியனும் போத்தும் போட்டுத்தான் நம் தோட்டங்கள் பெருகுகின்றன. ஆனால் போத்து என்பது தாய்ச்செடியின் அதே உடல். அதற்கு வரும் நோய் இதற்கும் வரும். அதனால் தாங்க முடியாத வறட்சியை இதனாலும் தாங்க முடியாது. நூறு தொட்டி நிறைய வைத்திருந்தாலும் கணக்கில் அது ஒரே செடிதான். விதை வேண்டும். அங்கேதான் சிக்கல். கியூவில் அது ஓயாமல் பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மகரந்தத்தில் உயிர் இருந்தது. அதை ஏற்க வேண்டிய சூல்முடி ஏற்கவில்லை. ஆண்டுகள் இப்படியே போயின.

2003இல் கார்லோஸ் மக்தலேனா என்ற ஸ்பெயின் நாட்டுத் தோட்டக்கலைஞர் கியூவுக்கு வந்தார். மகரந்தத்தைச் சூல்முடி தடுக்கிறது என்றால் அந்தச் சூல்முடியையே நீக்கிவிட்டால் என்ன என்று யோசித்தார். அதன் நுனியைச் சீவிவிட்டு, வெட்டுப்பட்ட இடத்திலேயே மகரந்தத்தை வைத்தார். பூவுக்குப் பூ இதே வேலை; பெரும்பாலானவை உதிர்ந்தன. அவர் விடவில்லை. தொட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வெப்பமும் வெளிச்சமும் மிகுந்த இடத்தில் இருந்த செடிகளில் காய் பிடிக்கக் கண்டார். எந்தத் தொட்டி எங்கே இருந்தது, அன்றைக்கு வெயில் எப்படி என்று பார்த்துக்கொண்டே இருந்த கண்ணைத்தான் நான் கலை என்கிறேன். ஒரு பிளேடும் பொறுமையும்தான் அவருடைய கருவிகள்.

விதை முளைத்தபோது இன்னொன்றையும் பார்க்க முடிந்தது. இந்தச் செடியின் இளம்பருவ இலை நீண்டு, ஒடுங்கி, பழுப்புப் புள்ளியோடு காய்ந்த சருகுபோல இருக்கும். வளர்ந்த பிறகுதான் அகன்ற பச்சை இலை வரும். தீவில் ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த பெரிய ஆமைகளின் கண்ணுக்குத் தப்பவே இந்த ஏற்பாடு என்று கருதுகிறார்கள். ஆமைகள் எட்டாத உயரம் வந்ததும் மறைவு தேவையில்லை. அந்த ஆமை இனங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மாண்டுபோயின. எதிரி போன பிறகும் செடி அந்த எச்சரிக்கையை மறக்கவில்லை.

இந்தக் கலைக்கு எல்லையும் உண்டு. எல்லா விதைகளும் அந்த ஒற்றைச் செடியின் வழிவந்தவை. அழிந்துபோன மரபு வேறுபாடுகளை எந்தக் கைத்திறனாலும் திருப்பித் தர முடியாது. விதையில் பிறக்கும் சிறு மாற்றங்களிலிருந்து இனிதான் தொடங்க வேண்டும். கியூவில் விளைந்த விதைகள் ரோட்ரிக்சுக்கே திரும்பிப்போயின. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். லண்டன் கண்ணாடிக் குடிலில் அரிய காட்சிப்பொருளாக நிற்பது ஒரு செடிக்குப் பிழைப்பே தவிர வாழ்வு ஆகாது. தீவில் மொரிசிய வனவுயிர் அறக்கட்டளையினர் கிராண்ட் மோன்டாஞ் காப்பகத்தில் அயல் களைகளைப் பிடுங்கி, மண்ணுக்குரிய செடிகளை நட்டு வருகிறார்கள். பிடுங்கிய களை மறுபடி முளைக்கும். மறுபடி பிடுங்க வேண்டும். சூல்முடியைச் சீவிய கைக்குக் கிடைத்த புகழில் பாதியாவது இந்தக் களையெடுக்கும் கைகளுக்கும் போய்ச்சேர வேண்டும். அவர்கள் சம்பளத்துக்கு ஆண்டுதோறும் பணம் வந்தால்தான் அனுப்பிய விதை புதராகும்.